பட்டாவியமும் பாக்கிச் சந்தாவும்: நம் விளையாட்டு மன்றத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் 9 உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் 22 பேர் இருக்கிறோம். மீதி 13 பேர் இதை வாட்ஸ்அப்பிலாவது படிப்பார்கள் என்றுதான் சில விஷயங்களை விரித்து எழுதியிருக்கிறேன்.

இந்த ஆண்டு 8 மாதக் கூட்டங்கள் நடந்தன. பொங்கலன்று சதுரங்கப் போட்டி நடந்தது. மாடி அறைக்கு ஒரு மின்விசிறி வாங்கினோம்.

ஆண்டின் பெரிய வேலை, ‘ரோம்: டோட்டல் வார்’ என்ற கணினிப் போர் விளையாட்டின் கூட்டு ஆட்டம். 2004இல் வந்த விளையாட்டு என்பதால் நம் பழைய கணினியிலும் ஓடும். ஜூலியாய் என்ற ரோமானியக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு 10 டர்ன் (முறை) ஆடி, ஆட்டம் நின்ற நிலையைச் சேமித்த சேவ் கோப்பை அடுத்தவரிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. விளையாட்டின் கோப்புகளைத் திருத்தும் மாட் வேலையை நான் பார்த்தேன். ‘செயலாளர் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்’ என்று ஒரு பேச்சு இருப்பதால், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

8 பேர் ஆடி 80 டர்ன் முடிந்தது. ஆண்டுக்கு இரண்டு டர்ன், கி.மு. 270இல் தொடங்கி 230க்கு வந்திருந்தோம். வட இத்தாலியில் உள்ள பட்டாவியம் நகரம் இயல்பிலேயே வளமான மண். முதல் மூன்று பேர் வருமானம் வருகிறதே என்று அங்கே வயல் மேம்பாடுகளை ஒன்று விடாமல் கட்டினார்கள். இந்த விளையாட்டில் வயலைக் கட்டினால் கட்டியதுதான், இடிக்க முடியாது. ஒவ்வொரு படிக்கும் அரை சதவீத மக்கள்தொகை வளர்ச்சி நிரந்தரமாக ஏறிவிடும். ஊர் பெருத்து மக்கள் அடங்காமல் போனதும், சாக்கடை கட்டலாமே என்றார் ஒருவர். அது ஒழுங்கைக் கூட்டும், சரி; கூடவே மக்கள்தொகையையும் கூட்டும்.

மக்கள்தொகை 24,000 தாண்டினால்தான் இம்பீரியல் பேலஸ் என்ற மாளிகை, அதை இத்தாலியில் கட்டினால்தான் படையை மாற்றியமைக்கும் மாரியஸ் சீர்திருத்தம் என்பது இன்னொரு உறுப்பினரின் வாதம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த மாளிகைக்கு மேல் கட்ட ஒன்றும் இல்லை. மக்கள் பெருகப் பெருக ஸ்குவாலர் என்கிற ஊர் அசுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஒழுங்கு குறையும். காவல்படையை எத்தனை குவித்தாலும் அதனால் கிடைக்கும் ஒழுங்கு 80 சதவீதத்தோடு நின்றுவிடும். மக்களைச் சமாதானப்படுத்த ஆளுக்கு ஆள் வரியைக் குறைத்தார்கள். வரி குறைந்ததும் வளர்ச்சி இன்னும் அரை சதவீதம் கூடியது!

‘கலகம் வரட்டும், ஊர் போகட்டும், திரும்பப் பிடித்து முக்கால்வாசிப் பேரைக் கொன்றுவிடலாம்’ என்று ஒரு யோசனை வந்தது. விளையாட்டு அதை அனுமதிக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அதை விடுங்கள், வயல்கள் அப்படியே இருக்கும்போது ஊர் மறுபடி வீங்கத்தானே செய்யும்?

ஸ்குவாலர் கணக்கு நிரலுக்குள்ளேயே இருப்பதால் மாட்டில் கை வைக்க முடியாது. அதனால் பகுதிகளின் விவரம் உள்ள டிஸ்கர் ரீஜன்ஸ் கோப்பில் பட்டாவியத்தின் அடிப்படை மண்வள எண்ணைக் குறைத்தேன். அது பலிக்கப் பழைய வரைபடக் கோப்பை அழித்துப் புது ஆட்டம் தொடங்க வேண்டும். 80 டர்ன் வீணானது என் முடிவால்தான். முன்கூட்டியே குழுவில் அறிவித்திருந்தேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

புது ஆட்டத்தில் வயல் இரண்டு படிக்கு மேல் கூடாது என்பது விதி. நகரம் பெருத்தால், டர்னுக்கு ஒரு குடியானவர் படை எழுப்பி, செகெஸ்டா போன்ற சிற்றூரில் கொண்டுபோய்க் கலைத்துவிட வேண்டும். ஆட்கள் அந்த ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். படை அளவை ஆகப் பெரிதாக வைத்தால் ஒரு குடியானவர் படைக்கு 240 பேர். 24,000 பேர் உள்ள ஊரில் ஒரு சதவீத வளர்ச்சியும் அதே 240தான். கணக்கு நேர். செகெஸ்டா 2,000 தாண்டிப் பெரிய ஊரானதும் இப்படித்தான்.

இவ்வளவும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, சேவ் கோப்பு ஆவணியில் ஓர் உறுப்பினர் கைக்குப் போனது. இன்றுவரை திரும்பவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை. ‘இந்த வாரம் ஆடிவிடுகிறேன் அண்ணா’ என்ற செய்தி மட்டும் தவறாமல் வருகிறது.

வரவு செலவு. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவாகவே கட்டியிருக்கிறார்கள். மின்விசிறி, தேநீர், மின்கட்டணம் போக ஏறக்குறைய சரியாக வந்துவிட்டது. துண்டு விழுந்ததை நான் போட்டிருக்கிறேன். ரசீதுகள் ஓர் உறையில் இருக்கின்றன. பொருளாளர் கூட்டத்துக்கு வரும் நாளில் ஒப்படைப்பேன்.

மாடி அறை தந்த வீட்டுக்காரருக்கும், முறுக்கு கொண்டுவந்த உறுப்பினரின் அம்மாவுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அதே வரிசையில் வந்த மெடீவல் 2 விளையாட்டுக்கு மாறலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அதில் மக்கள்தொகைக் கணக்கு தனிக் கோப்பாகவே வெளியில் இருப்பதால் மாட் போடுபவருக்கு வசதி. அந்த மாட் போடுபவர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செயலாளர் பொறுப்புக்கும் அதேதான். மூன்று ஆண்டு ஆகிறது, யாராவது முன்வந்தால் சாவியை இன்றே தருகிறேன். யாரும் வராவிட்டால், ஞாயிறு மாலைக்குள் பாக்கிச் சந்தாவாவது வரட்டும், அந்தச் சேவ் கோப்பும் வரட்டும். அடுத்த டர்ன் என்னுடையது.