உன் மேசைக்கு வரும் இரண்டு பக்க அறிக்கை

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் முறையாகப் பதில் சொல்லவில்லை. நீதித்துறை நடுவராகப் பொறுப்பேற்ற மூன்றாவது வாரத்தில் உன் மேசைக்கு வந்த இரண்டு பக்கத் தடய அறிவியல் அறிக்கை ஒன்றில், முடிவாக "மனித இரத்தம், பிரிவு குறித்து முடிவு காண இயலவில்லை" என்று ஒற்றை வரிதான் இருந்தது என்றும், இதை எழுதவா இத்தனை மாதம் என்று அலுவலகத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார் என்றும் சொன்னாய். "நீங்களும் இப்படி எழுதியிருக்கிறீர்களா அப்பா?" என்று கேட்டாய். எழுதியிருக்கிறேன் அம்மா, பலமுறை எழுதியிருக்கிறேன். அந்த ஒற்றை வரி எங்கிருந்து புறப்பட்டு உன் மேசைக்கு வருகிறது என்பதையும், அது வருகிற வழியில் உன் கையெழுத்தும் ஓர் இடத்தில் இருக்கிறது என்பதையும் உனக்கு நிதானமாக எழுத வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் 1989-இல் பணியில் சேர்ந்தேன். சில ஆண்டுகள் சென்னை ஆய்வகத்திலும், பிறகு நீண்ட காலம் மாவட்டங்களில் நடமாடும் தடய அறிவியல் பிரிவிலும் இருந்தேன். மாவட்டப் பிரிவு என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ளாதே. நான், ஓர் உதவியாளர், ஒரு பழைய வாகனம், ஒரு பெட்டி, அவ்வளவுதான். பெரும்பாலும் விடிகாலையில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் போய்ச் சேருவதற்குள் ஊரே அங்கே திரண்டிருக்கும். இறந்தவரின் மனைவியோ அக்காளோ பார்க்கப் பொறுக்காமல் தன் சேலையை எடுத்து உடலின் மேல் போர்த்தியிருப்பார். அதைத் தவறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சேலையின் நூலும் தலைமுடியும் இனி அந்த உடலின் மேல் இருக்கும் என்பதையும், உடலின் இரத்தம் அந்தச் சேலையில் இருக்கும் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால், இரண்டு ஆண்டுகள் கழித்து எதிர்தரப்பு வழக்கறிஞர் அந்த நூலைக் கொண்டு வேறொரு கதையை நெய்துவிடுவார்.

ஒருமுறை மழை மேகம் கூடிய நேரத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அங்கே யாரும் சொல்லாமலேயே தலையாரி ஒருவர் வரப்பில் பதிந்திருந்த நான்கு காலடித் தடங்களின் மேல் பனையோலைக் கூடைகளைக் கவிழ்த்து, பக்கத்தில் குந்தியிருந்தார். நாங்கள் பாரிஸ் சாந்து கரைத்து ஊற்றி, அச்சுகளைப் பெயர்த்தெடுத்து வண்டியில் ஏற்றிய சிறிது நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. என் பணிக்காலத்தில் நான் மனதார வணங்கிய மனிதர்களில் அவரும் ஒருவர்.

சம்பவ இடத்தில் முதல் வேலை எதையும் தொடாமல் நிற்பதுதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாகச் சுற்றி வருவேன். பிறகு புகைப்படம், பிறகு கிணற்று மேடை, மின்கம்பம் போன்ற அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள தூரத்தை அளந்து வரைபடத்தில் குறிப்பது. டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத பாதத் தடம் புழுதியில் எழுந்து நிற்கும். செம்மண்ணில் காய்ந்த இரத்தம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. எறும்புகள் மொய்க்கும் இடத்தைக் குனிந்து பார்ப்பேன். நாற்றம் தாங்காமல் மூக்கின் கீழ் தைலம் பூசிக்கொள்ளும்படி பலர் அறிவுரை சொன்னதுண்டு, நான் கேட்டதில்லை. பூச்சிக்கொல்லியின் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் எனக்குத் தடயங்கள். அவற்றைத் தைலத்தால் மறைத்துவிட்டு அங்கே நான் என்ன பார்க்கப் போகிறேன்?

உன் கோப்புகளில் 'இரத்தம் தோய்ந்த மண்', 'சாதாரண மண்' என்று இரண்டு சான்றுப் பொருள்கள் அடுத்தடுத்து வருவதைப் பார்த்திருப்பாய். சிமெண்டுத் தரை என்றால் கறைபட்ட துண்டு ஒன்று, கறைபடாத துண்டு ஒன்று. இந்த இரண்டாவது பொருளைப் படிப்பவர்கள் அதைச் சடங்கு என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணினேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கறை எல்லாம் இரத்தமும் அல்ல. வெற்றிலைச் சாறும் துருவும் பலரை ஏமாற்றியிருக்கின்றன. வடிதாளால் கறையை ஒற்றி, பினால்ப்தலீன் கரைசலில் ஒரு சொட்டும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சொட்டும் விட்டால், இரத்தமாயின் சில நொடிகளில் இளஞ்சிவப்பு தோன்றும். வேறு சில பொருள்களும் அந்த நிறத்தைக் காட்டக்கூடும். ஆகவே அந்த இடத்தில் நின்றுகொண்டு 'இரத்தமாக இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல எனக்கு உரிமையில்லை. காவல் ஆய்வாளர் பக்கத்தில் நின்று "சார், இரத்தம்தானே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆடு வெட்டிய அரிவாள் என்று குற்றம் சாட்டப்பட்ட எதிரி சொன்னால், அது மனித இரத்தமா விலங்கின் இரத்தமா என்பதை ஆய்வகத்தில், மனித இரத்தத்தோடு மட்டும் வினைபுரியும் எதிர்ச்சீரம் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும். அரிவாளை நன்றாகக் கழுவியிருந்தாலும் மரப்பிடியின் பூணுக்குள் கசிந்தது அங்கேயே உறைந்திருக்கும். பிடியைக் கழற்றிப் பார்க்கும் பொறுமை மட்டும் நமக்கு வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இரத்தக் கறை படிந்த துணியை நிழலில், காற்றில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடித்து, நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் தின்றுவிடும். இரத்தப் பிரிவு போய்விடும், மரபணுவும் சிதையும். ஆனால் தீக்காய வழக்கில் மண்ணெண்ணெய் நனைந்த துணியைக் காகித உறையில் இட்டால் எண்ணெய் ஆவியாகி, ஆய்வகத்தில் உறையைப் பிரிக்கும்போது வெறும் கரித்துணிதான் இருக்கும்; அதைக் காற்றுப் புகாத புட்டியில்தான் அடைக்க வேண்டும். நஞ்சுண்ட வழக்கின் உள்ளுறுப்புகளைப் பெரும்பாலும் உப்பு முழுமையாகக் கரைந்து தெவிட்டிய நீரில் வைத்து அனுப்புவார்கள். அந்த உப்புநீரிலும் தனியே ஒரு புட்டி உடன் வர வேண்டும், இல்லையென்றால் நஞ்சு உப்பில்தான் இருந்தது என்று வாதாட இடமாகும். கொங்குப் பகுதியில் இருந்தபோது, வாசல் தெளிக்கச் சாணத்துக்குப் பதிலாகக் கரைக்கும் மஞ்சள் சாணிப்பவுடரைக் குடித்து இறந்தவர்களின் உள்ளுறுப்புகள் அந்த மஞ்சள் நிறம் மாறாமல் வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்து நாங்கள் ஒப்படைத்த பின்பு என்ன நடக்கிறது? காவல்துறை அந்தப் பொருள்களைப் படிவம் 95-இல் பட்டியலிட்டு நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறது. அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆய்வாளர் மனு கொடுக்கிறார். நடுவர் கையொப்பமிட்ட வேண்டுகோள் கடிதத்தோடுதான் அவை ஆய்வகத்தின் வாசலுக்கு வருகின்றன. கைப்பற்றிய நாள், நீதிமன்றத்துக்கு வந்த நாள், ஆய்வகத்தில் பெற்றுக்கொண்ட நாள் ஆகிய மூன்று நாள்களுக்கும் இடையில் எங்கோதான் உன் ஒற்றை வரி பெரும்பாலும் பிறக்கிறது. நான் ஆய்வகத்தில் இருந்தபோது, ஒரு நீதிமன்றத்திலிருந்து நான்கு மாதம் கழித்து வந்த உறையைப் பிரித்தேன். சேலையின் மடிப்புகளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைக் கைப்பற்றிய காவலர் கவனமாகக் காகிதத்தில்தான் சுற்றியிருந்தார். சொத்து அறையில் ஒழுகிய மழை அந்தக் காகிதத்தை ஊறவைத்துவிட்டது. முத்திரை சரியாகவே இருந்தது. முடிவு காண இயலவில்லை என்று நான்தான் எழுதினேன். பொய் எழுதாமல் வேறு எதையும் எழுத முடியாத நிலை அது.

இனி அந்த விலையைச் சொல்கிறேன். இதை உன் அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1994-இல், திருமணமாகி மூன்று ஆண்டு நிறையாத ஒரு பெண் சமையலறையில் எரிந்து இறந்துபோனாள். ஸ்டவ் வெடித்தது என்று வீட்டில் சொன்னார்கள். ஏழு ஆண்டுக்குள் நிகழ்ந்த மரணம் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. நான் போனபோது தரையைக் கழுவி, பழந்துணிகளை அப்புறப்படுத்தி, எல்லாம் ஒழுங்காக இருந்தது. அது திரி ஸ்டவ். காற்றடிக்கும் பம்ப் ஸ்டவ் போல வெடிப்பதற்கு அதில் அழுத்தமே கிடையாது. தொட்டி வீங்கவில்லை, இணைப்பு விடவில்லை, உள்ளே பாதிக்குமேல் எண்ணெய் இருந்தது. உதவியாளரும் நானும் அம்மிக்கல்லைப் புரட்டினோம். கழுவிய தண்ணீர் போகாத அந்த இடத்தில் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. அம்மிக்கடியில் இருந்த சிமெண்டைச் சுரண்டிப் புட்டியில் அடைத்து, முத்திரையிட்டு அனுப்பினேன். ஆய்வகப் பகுப்பாய்வில் மண்ணெண்ணெய் என்று தெளிவாக வந்தது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

சாட்சிக் கூண்டில் வழக்கறிஞர் என்னிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அந்தச் சமையலறையில் தினமும் மண்ணெண்ணெய் ஸ்டவ்தானே எரிந்தது?" ஆம் என்றேன். "நிரப்பும்போது சிந்தியிருக்கலாம் அல்லவா?" சிந்தியிருக்கலாம் என்றேன். "எண்ணெய் நிரப்பும் மூலையிலிருந்தும், எதுவும் சிந்தாத எதிர்மூலையிலிருந்தும் ஒப்பீட்டுக்கு மாதிரி எடுத்தீர்களா?" எடுக்கவில்லை. மண்ணில் எடுப்பேன், இரத்தத்தில் எடுப்பேன். அன்று அம்மிக்கடியில் கிடைத்ததைக் கண்ட மகிழ்ச்சியில் அது எனக்குத் தோன்றவே இல்லை. எதிரிகள் விடுதலையானார்கள். தீர்ப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன என்று அரசு வழக்கறிஞர் ஆறுதல் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அந்தப் பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் அவருக்கு உதவி செய்தேன் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் எந்த இடத்தைவிட்டும் நான் வெளியேறியதில்லை.

நீ சிறுமியாக இருந்தபோது நான் பின்வாசல் வழியாக வந்து, கிணற்றடியில் குளித்த பிறகே உன்னைத் தூக்குவேன். உன் பாட்டி அதைத் தீட்டு என்றார். நானும் மறுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்ட நாள்களில் உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது நீயே எரிந்த பெண்களின் மரண வாக்குமூலத்தைப் பதிவு செய்ய மருத்துவமனைக்குப் போகப் போகிறாய் என்பதால் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. நஞ்சுகளைக் கண்டறிய இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் தொடங்கியது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் கம்பிகளையும் கொண்டு, எங்கள் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன் அது இடுப்பில் கட்டிய வெடிகுண்டு என்பதை நிறுவினார். இறந்துகிடந்த புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த படச்சுருள்தான் விசாரணைக்கு முகங்களைக் கொடுத்தது. அந்தக் குழப்பமான இரவில் அந்தக் கேமரா காலடியில் நசுங்காமலும் கைமாறித் தொலையாமலும் இருந்ததை நினைத்தால், எனக்கு இன்றும் நெஞ்சு ஒருகணம் நின்றுபோகும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 1 ஜூலை 2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது; நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசமும் தந்திருக்கிறது. நான் முப்பது ஆண்டுகள் வேண்டிக் காத்திருந்த சட்டம் இது. ஆனால் ஒரே நாளில் மூன்று அழைப்புகள் வந்தால் மூன்றாவது இடத்துக்கு மாலைக்கு மேல்தான் போய்ச் சேர முடிந்த என் அனுபவத்தில் சொல்கிறேன்: ஆளும் வண்டியும் கூடாமல் இந்தப் பிரிவு மட்டும் வந்தால், அவசர அவசரமாகப் பார்த்துவிட்டுப் போன இடங்கள்தான் கூடும். அப்படி அவசரத்தில் எழுதப்பட்ட அறிக்கையும், 329-ஆம் பிரிவின்படி, எழுதியவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாகப் படிக்கப்படலாம். ஐயம் இருந்தால் அவரை அழைத்துக் கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. கேட்கத் தயங்காதே. என்னைக் கேட்ட அந்த வழக்கறிஞர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை.

இம்மாத இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். நாளையே உன் நீதிமன்றத்துச் சொத்து அறையைத் திறக்கச் சொல்லி, மேல்கூரையையும் கிழக்குச் சுவரையும் நீயே பார். தரையில் அடுக்கியிருந்தால் அலமாரிக்கு ஏற்றச் சொல். படிவம் 95-இல் வந்து இன்னும் ஆய்வகத்துக்குப் போகாத உறைகள் எத்தனை, அவற்றில் மிகப் பழையது எந்தத் தேதியில் வந்தது என்று தலைமை எழுத்தரிடம் ஒரு பட்டியல் கேட்டு வாங்கு. எண்ணிக்கையை எனக்கு எழுது.

அம்மா நலம். உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா