பல்வலி படத்தில் தெரியுமா?

ஆசிரியருக்கு,

உணர்வு, அதாவது எதையும் நாம் உள்ளுக்குள் அனுபவித்து அறிவது, மூளையின் வேலை, அவ்வளவுதான் என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. மயக்க மருந்து கொடுத்தால் நினைவு போகிறது, சரி, தொடர்பு இருப்பதை யார் மறுத்தார்கள்? ஆனால் எந்த நரம்பு துடிக்கிறது என்று படம் பிடித்துக் காட்டினாலும், பல்வலி எனக்கு ஏன் வலியாகவே தெரிகிறது என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லையே! 25 ஆண்டுகளில் மூளையில் உணர்வின் தடயத்தைத் தெளிவாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்று நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக் 1998இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தயப் பொருளான ஒயினைக் கொடுத்தார். இதை வைத்து ஆன்மா நிரூபணமாகிவிட்டது என்று கிளம்புகிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

– ஒரு வாசகர்