முற்பணம் வாங்கும் முன் ஆபத்தைச் சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் முக அழகு சிகிச்சை செய்யும் வைத்தியர்களுக்கும் நிலைய உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். நான் சத்திரசிகிச்சை விடுதிகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. அழகுக்காகச் சிகிச்சை செய்வது பிழை என்று சொல்ல இதை எழுதவில்லை. போர்க்காலத்தில் செல் (எறிகணை) துண்டு பட்ட தழும்போடு வளர்ந்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். மூக்கு கோணல் என்று நாலு பேர் முன்னால் வரவே கூசுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய உதவி. நான் கேட்பது, காசு வாங்கும் முன் ஆபத்துகளைத் தமிழில், வாயாலும் எழுத்தாலும் சொல்லுங்கள் என்பதைத்தான். மேசையில் படுக்க வைத்துவிட்டு ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது.

முதலில் ஃபில்லர் ஊசி, அதாவது முகத்தில் பள்ளத்தை நிரப்பவும் வடிவத்தை எடுப்பாக்கவும் தோலுக்கு அடியில் போடும் ஊசி. கத்தி இல்லை, தையல் இல்லை, அரை மணித்தியாலத்தில் வீடு போகலாம் என்பதால் எல்லாருக்கும் இது சின்ன விசயமாகத் தெரிகிறது. எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். மூக்கிலும் புருவங்களுக்கு நடுவிலும் ஓடும் இரத்த நாடிகள் கண்ணுக்குப் போகும் நாடியோடு தொடர்புள்ளவை. ஊசி முனை நாடிக்குள் இறங்கி, மருந்தை அழுத்தித் தள்ளினால், அது பின்னோக்கிப் போய் விழித்திரைக்கான இரத்தத்தை அடைத்துவிடலாம். அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடந்தால் பெரும்பாலும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பாது. விழித்திரை இரத்தமில்லாமல் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. பருத்தித்துறை பஸ்ஸில் வீடு போய்ச் சேரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடுமே! கண் தப்பினாலும் தோல் அடைபடலாம். ஊசி போட்ட இடம் வெளிறிப்போகும், கடுமையாக வலிக்கும், பிறகு வலைப்பின்னல் போல நீலம் பூக்கும். இதை "வீக்கம்தான், ஐஸ் வையுங்கள்" என்று அனுப்பிவிட்டால் மூக்கு நுனி கறுத்து அழுகும். ஹயலூரோனிக் அமில ஃபில்லர் என்றால் அதைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற மருந்து உண்டு. உடனே போட்டால் தோலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. எல்லா ஃபில்லரும் அதற்குக் கரையாது. அதனால் எந்த மருந்தைப் போட்டீர்கள் என்று பெயரோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூக்குச் சத்திரசிகிச்சைக்கு வருபவர்களில் பலர் கலியாணத் திகதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆவணியில் கலியாணம், ஆனியில் சத்திரசிகிச்சை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அவசரம் இன்னும் கூட. வீக்கம் முழுதாக வற்றி மூக்கின் உண்மையான வடிவம் தெரிய ஒரு வருடம் வரை ஆகலாம் என்று அந்தத் தாய்மாருக்கு யார் சொல்வது? மூச்சு அடைபடலாம், இரத்தம் கசியலாம், மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டினால் குருத்தெலும்பே கரைந்து மூக்கு உட்குழியலாம், இரண்டாம் முறையும் செய்ய வேண்டி வரலாம். நம் தோலில் தழும்பு தடித்து வளரும் தன்மை கூட இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பலாலி விமான நிலையத்தில் ஏறிச் சென்னைக்குப் போய்ச் செய்துகொள்வோரும் உண்டு. அங்கே நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள், சரி. ஆனால் திரும்பி வந்த மறுகிழமை நள்ளிரவில் மூக்கால் இரத்தம் வந்தால் போதனா வைத்தியசாலைக்குத்தானே ஓட வேண்டும்? என்ன செய்தார்கள் என்ற குறிப்பு ஒரு தாளிலாவது கையில் இல்லாமல் வந்தால் அங்குள்ள வைத்தியர் பாவம் என்ன செய்வார்? நீங்கள் அனுப்பி வைக்கிறீர்கள் என்றால் அந்தக் குறிப்பு வாங்கித் தருவதும் உங்கள் பொறுப்பு.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2021 ஒக்டோபர் முதல் அந்த வயதினருக்கு அழகுக்காக ஃபில்லரோ, சுருக்கத்தைக் குறைக்கும் பொடொக்ஸ் ஊசியோ போடுவது சட்டப்படி குற்றம். இங்கே சட்டம் வரட்டும் என்று காத்திராதீர்கள். தாய் கூட்டிக்கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

இந்தக் கிழமையே உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஹயலூரோனிடேஸ் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்த பதிவு பெற்ற வைத்தியர் அந்த நேரத்தில் நிலையத்தில் இருப்பாரா? ஒன்றுக்காவது இல்லை என்பது பதில் என்றால், அது சரியாகும் வரை ஃபில்லர் ஊசியை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி ஒருவர்
யாழ்ப்பாணம்