தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் ஓவிய வேளை: வேலூர் மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இப்போது குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பகுதிகளில் அழைக்கும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று, அங்குள்ள குழந்தைகளோடு அமர்ந்து படம் வரைந்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் தங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் மாவட்டத்தின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் வாரத்தில் ஒரு நாள் அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் ஓவியத்துக்கும் மண்வேலைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையின் கைவேலைக்கு மதிப்பெண்ணோ திருத்தமோ, பார்த்து வரையச் சொல்லும் மாதிரிப் படமோ இருக்கக் கூடாது.

ஓவியத்துக்கு ஆசிரியரே இல்லாதபோது இது எப்படி இயலும் என்ற கேள்வி எழும் என்பதை அறிவேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டும் பள்ளிகளில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கு மட்டுமே கூறுகிறது. 2012-இல் தமிழ்நாட்டில் நியமிக்கப்பட்ட பகுதிநேரப் பயிற்றுநர்களும் அந்த வகுப்புகளுக்காகவே வந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, தமிழும் கணக்கும் நடத்தும் அதே ஆசிரியர்தான் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஈராசிரியர் பள்ளிகளில் அவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளைக் கவனிப்பவராகவும் இருக்கிறார். இருந்தாலும், இந்த வயதுக் குழந்தைக்குத் தேர்ந்த ஓவியர் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. வரைய இடமும் நேரமும் கொடுத்து, வரைந்ததைப் பற்றிக் கேட்டு, சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பெரியவர் ஒருவர் போதும்.

எந்தப் பள்ளிக்குப் போய் "படம் வரையுங்கள்" என்று சொன்னாலும், முதலில் வருவது ஒரே படம்தான். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, மலையிலிருந்து வளைந்து இறங்கும் நீல ஆறு. சன்னலுக்கு வெளியே நம் வேலூர்க் குன்றுகள் உருண்டையும் பிளவுமான பாறைகளாக, அங்கங்கே முட்புதரோடு நிற்கின்றன. அவற்றை அன்றாடம் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும் பிள்ளை, யாரோ ஒருகாலத்தில் கரும்பலகையில் போட்டுக்கொடுத்த முக்கோணத்தைத்தான் மலை என்று வரைகிறது. பாலாற்றின் மணற்படுகையைக் கடந்து வீட்டுக்குப் போகும் பிள்ளையும் ஆற்றுக்கு நீல வண்ணமே தேடுகிறது. பார்த்ததை வரையலாம் என்ற துணிவை, நாம்தான் நம்மை அறியாமலே அதனிடமிருந்து எடுத்துவிட்டோம்.

இதற்கு மாறான ஒரு படத்தையும் பார்த்தேன். குடியாத்தம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புச் சிறுமி தன் அம்மா பீடி சுற்றுவதை வரைந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். அம்மாவின் தலை ஒரு சுண்டைக்காய் அளவு, கைகளோ முறத்தைவிடப் பெரியவை, பத்து விரல்களும் தனித்தனியாக. வீட்டுச் சுவர் வரையப்பட்டிருந்தும் உள்ளே இருக்கும் அடுப்பும் குடமும் தூங்கும் தம்பியும் வெளியிலிருந்தே தெரிந்தார்கள். கை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "அம்மா கைதானே சார் வேலை செய்யுது" என்றாள். குழந்தை ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு, ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயது வரையில் குழந்தை தனக்கு முக்கியமானதைப் பெரிதாக்கியும், சுவரை ஊடுருவி உள்ளிருப்பதைக் காட்டியும் வரைவது வளர்ச்சியின் இயல்பான படி என்று விளக்கினார். அதைப் பிழை என்று எண்ணிச் சிவப்பு மையால் திருத்தினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை முக்கோண மலையைத்தான் வரையும்.

எழுத்துப் பயிற்சிக்கும் இதற்கும் உள்ள உறவைத் தாங்கள் ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். பொதுவாகக் குழந்தை மூன்று வயதையொட்டி வட்டத்தையும், நான்கு ஐந்து வயதில் சதுரத்தையும், அதற்குப் பிறகு முக்கோணத்தையும் பார்த்து வரைய முடிகிறது. சாய்சதுரத்துக்கு இன்னும் காலம் பிடிக்கிறது. ட, ப, ம ஆகியவற்றை எளிதில் எழுதிவிடும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை இ, ஞ, ண ஆகியவற்றின் சுழிகளில் திணறுவதைக் காணாத ஆசிரியர் இல்லை. களிமண்ணைப் பிசைந்து, உருட்டி, திரித்த விரல்களுக்கு அந்தச் சுழிகள் எளிதில் வசப்படுகின்றன. தொடக்க வகுப்புகளில் மொழியும் கணக்கும் அடிப்படையாகக் கற்பிக்க 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தால் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்குள் வந்திருக்கின்றன. அதே கதவு வழியாக மண்ணும் வர வேண்டும்.

மண்ணுக்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை. காட்பாடியை அடுத்த கரிகிரி மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். குயவர் ஒருவரைப் பருவத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு அழைத்து, சக்கரம் சுற்றுவதைப் பிள்ளைகள் அருகிருந்து பார்க்கச் செய்யலாம். கோடையில் பாரதக் கதை கூத்தாக நடக்கும் ஊர்களில், படுகளம் எனப்படும் இறுதிப் போர்க் காட்சிக்காகத் திரௌபதி அம்மன் கோயில் திடலில் துரியோதனன் உருவத்தை ஓர் ஆள் நீளத்துக்குப் பல மடங்காக மண்ணால் படுக்கவைத்து வண்ணம் பூசுகிறார்கள். கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி அந்த உருவம் எழுவதை அதிகாலையிலிருந்து கூட நின்று பார்ப்பவர்கள் நம் பள்ளிப் பிள்ளைகள்தான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பார்த்த படுகளத்தைச் செய்து காட்டுங்கள் என்று மண்ணைக் கையில் கொடுத்துவிட்டால் அந்த வகுப்புக்கு வேறு பாடத்திட்டமே வேண்டாம். கூத்துக் கலைஞர்களின் கிரீடமும் புஜக்கீர்த்தி என்னும் தோளணியும் மரக்கட்டையில் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிச் செய்யப்படுபவை. அவற்றை அட்டையில் செய்து பார்க்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளால் முடியும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களுக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பினரைத் தாளும் பென்சிலுமாக ஒரு மணி நேரம் உட்காரவைப்பதும் பெரிய செலவில்லை.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுப்புக்கரி, செம்மண், காவிக்கட்டி, கோலமாவு, பழைய செய்தித்தாள் ஆகியவை எங்கும் கிடைக்கும். மஞ்சள் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாக மாறுவதை ஆரத்தித் தட்டில் பார்த்த பிள்ளை, அதையே தன் வண்ணமாக எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியர் தம் கையாலேயே கலக்க வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைப் போட்டிகளாகிய கலைத் திருவிழா தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்திருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் போட்டி நெருங்கும்போது நன்றாக வரையும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரையவைத்து அனுப்பும் பழக்கம் பள்ளிகளில் இருக்கிறது. மேடை ஏறாத மற்றப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் கையில் தாள் கிடைப்பதில்லை. வாராந்திர வேளை உறுதியானால்தான் திருவிழாவுக்கு வேர் பிடிக்கும்.

ஆகவே, வரும் கல்வியாண்டின் கால அட்டவணை பள்ளிகளுக்குச் செல்வதற்கு முன்பாக இந்த இரண்டு பாடவேளைகளைக் குறித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பவும், அந்த வேளையைத் தேர்வுக் காலத்திலும் கணக்குப் பாடத்துக்கு மாற்றக் கூடாது என்பதை அதிலேயே தெளிவுபடுத்தவும் வேண்டுகிறேன். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு பிற்பகலை ஒதுக்கினால், ஆசிரியர்களும் மண்ணில் கைவைத்துப் பழகலாம். ஊதியம் எதுவுமின்றி நானும், என்னைப் போல் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்களில் விருப்பமுள்ளோரும் வந்து உடனிருக்க ஆயத்தமாக இருக்கிறோம். எந்த வட்டாரத்தில் முதலில் தொடங்குவது என்பதைத் தாங்கள் முடிவு செய்து தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
குடியாத்தம்.