இன்வர்னெஸுக்கு எந்த வண்டி?

ஷ்ரூஸ்பரி,
ஜனவரி 18

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. இன்வர்னெஸ் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்ததில் எங்களுக்கும் அவ்வளவு சந்தோஷம். லதாதான், அந்தக் குளிரில் குழந்தைகளை வைத்துக்கொண்டு சுமதி எப்படிச் சமாளிப்பாள் என்று புலம்பிக்கொண்டிருக்கிறாள். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கார்டிஃபில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அம்மா பொங்கலுக்கு ஆற்காடு போய்விட்டார். அந்த வெயில் பட்டதும் முட்டி வலி பாதி குறைந்துவிட்டதாம்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். லேண்ட் ரோவரின் டிஃபெண்டரில் பிளக்-இன்னா (சார்ஜ் போட்டு மின்சாரத்திலும், அது தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடுவது), டீசலா என்று கேட்டிருக்கிறாய். நான் ஓட்டுவது பிளக்-இன். அது எனக்கு உயிர். அப்படியிருந்தும் உன்னை டீசல் வாங்கு என்றுதான் சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஷோரூமில் இதை யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

என்னுடையது 110 பி400இ. 110 என்பது நடுத்தர நீளமுள்ள டிஃபெண்டர், பி400இ அதன் பிளக்-இன் வகை. இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினோடு 105 கிலோவாட் மோட்டார் ஒன்றும் சேர்ந்து 404 குதிரைத்திறன் தருகிறது. இரண்டரை டன் வண்டி 5.6 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். டி300 டீசலுக்கு அதே வேகத்துக்கு ஏழு வினாடி ஆகும். பிக்கப் என்று பார்த்தால் பி400இ-தான் முன்னால் நிற்கும். ஆனால் நாம் இந்த வண்டியை வாங்குவது அதற்காக இல்லையே.

இதன் உண்மையான அருமை மலைப்பாதையில்தான் தெரியும். மோட்டார் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கிறது. அதனால் லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக, அதிக இழுவையோடு ஏறுவதற்கான கியர், போட்டாலும் மின்சாரத்திலேயே ஓட்டலாம். போன இலையுதிர் காலத்தில் வேல்ஸில் ட்ரெகாரன் பக்கம் ஒரு சிலேட் கல் பாதையில் அப்படித்தான் ஏறினேன். இன்ஜின் சத்தமே இல்லை. டயருக்கு அடியில் கல் புரள்வது, இடது முன்சக்கரம் ஈரக் கல்லில் ஒரு கணம் வழுக்கிப் பிறகு பிடித்துக்கொள்வது எல்லாம் காதிலேயே விழுந்தது. மோட்டாருக்கு நின்ற நிலையிலிருந்தே முழு இழுவை உண்டு. இன்ஜினைப் போல ஆர்.பி.எம். ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெடலில் கால் படுகிற அளவுக்கு மட்டும் வண்டி நகர்கிறது. ஒரு பாறை விளிம்பில் அங்குலம் அங்குலமாக ஏற்றுவதற்கு இதைவிட நல்ல அமைப்பு நான் ஓட்டியதில் இல்லை. ஆற்றில் இறங்கவும் பயம் வேண்டாம். ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தினால் டீசலைப் போலவே 90 சென்டிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்பது கம்பெனி கணக்கு.

இப்போது மறுபக்கம். பேட்டரி 19.2 கிலோவாட்-ஹவர். முழு சார்ஜில் 43 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். ஜனவரிக் குளிரில், ஹீட்டர் போட்டு ஓட்டினால், எனக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதிதான். அது தீர்ந்தபின் இரண்டு லிட்டர் இன்ஜின் அந்தப் பேட்டரியையும் மோட்டாரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓட வேண்டும். மோட்டார்வேயில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். ஏற்றத்தில் இன்ஜின் முக்குகிற சத்தம் உள்ளே கேட்கிறது. டீசலில் இருக்கும் ஆறு சிலிண்டரின் நிதானம் இதற்குக் கிடையாது. நீயோ வாரத்தில் பாதி நாள் உல்லாபூலுக்கும் விக்குக்கும் கிளினிக் போக வேண்டும் என்கிறாய். விக் ஒரு வழிக்கே 160 கிலோமீட்டர் இருக்குமே! அந்த ஓட்டத்தில் மின்சாரம் முதல் அரை மணிக்குள் தீர்ந்துவிடும். மீதி வழி முழுக்க நீ ஓட்டப்போவது கனமான பெட்ரோல் வண்டி.

விளம்பரத்தில் வந்த மைலேஜ் கணக்கு உன்னைக் குழப்பியிருக்கும். பி400இ-க்கு அதிகாரபூர்வ கணக்கு லிட்டருக்கு 30 கிலோமீட்டர். பெரும்பாலான தூரத்தை சார்ஜிலேயே ஓட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், சாலையில் ஓடும் வண்டிகளிலிருந்தே எடுத்த தகவலை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் வண்டிகள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைக் கணக்கைப் போல சராசரியாக மூன்றரை மடங்கு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எளிது: நிறையப் பேர் சார்ஜே போடுவதில்லை. இங்கே ஆபீஸ் வண்டியாக எடுத்தால் டீசலுக்குக் கட்டும் வரியில் ஏறக்குறைய பாதிதான் இதற்கு வந்தது. வரிக்காக எடுத்தவர்கள் கேபிளை உறையிலிருந்து பிரிக்கக்கூட இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான். ஒழுங்காகத் தினமும் சார்ஜ் போடுகிறவனுக்கு இது எவ்வளவு நல்ல வண்டி என்பது இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகிறது. என் வேலை இடம் வீட்டிலிருந்து 12 கிலோமீட்டர். ராத்திரி வாசலில் சார்ஜ் போட்டால் வார நாட்களில் பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டியதில்லை.

அப்புறம் இடம். பேட்டரி டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. அதனால் மூன்றாவது வரிசை ஸீட் கிடையாது. உன் அப்பா அம்மா கோடையில் வந்தால், இரண்டு குழந்தைகளோடு ஆறு பேர், எப்படி ஏற்றுவாய்? கேரவன் இழுக்கும் ஆசையும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். டீசல் மூன்றரை டன் இழுக்கும், இது மூன்று டன். உன் கேரவனுக்கு மூன்றே போதும் என்றாலும் ஸீட் விஷயத்தில் இது இடிக்கும்.

புதிதாக வாங்கலாம் என்றால் அதிலும் சிக்கல். பிளக்-இன் 110-ல் மட்டும்தான். சின்ன 90-லும் இல்லை, நீளமான 130-லும் இல்லை. 2024-ல் இங்கே பி400இ-க்குப் பதிலாக 300 குதிரைத்திறனுள்ள பி300இ-யைக் கொண்டுவந்தார்கள். நான் மேலே சொன்ன பிக்கப் அதில் வராது. காத்திருப்பையும் நினைத்துக்கொள். 2022-ல் சிப் தட்டுப்பாட்டில் ஜாகுவார் லேண்ட் ரோவர் கம்பெனியிடம் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆர்டர் தேங்கி நின்றது. 2025 செப்டம்பரில் சைபர் தாக்குதல் வந்து, டிஃபெண்டர் செய்கிற ஸ்லோவாக்கியாவின் நித்ரா ஆலை உட்பட எல்லாம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன.

அமெரிக்காவில் இருக்கும் உன் மச்சான் ஜீப்பின் பிளக்-இன் வண்டியான ராங்லர் 4எக்ஸ்இ-யைப் புகழ்ந்தார் என்றாயே. ஆஃப்-ரோடில் அது சூரன்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025 நவம்பரில் பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் என்று, கிராண்ட் செரோக்கியையும் சேர்த்து அங்கே 3,20,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சார்ஜ் போடாதீர்கள், வீட்டிலிருந்து தள்ளி நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வண்டியும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்.

நம் ஊர்ச் செய்தி ஒன்று. பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் முதல்வராக இருந்த ஸ்டாலின் அடிக்கல் நாட்டினாரே, ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே செய்யத்தான் அது. நம்மோடு பாலிடெக்னிக் படித்த பையன்களின் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவார்கள் என்று நினைக்கும்போதே எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

ஆக, உனக்கு நாலைந்து வருஷம் ஓடிய டி250 டீசல் போதும். டி300 கிடைத்தால் இன்னும் நல்லது, ஏழு ஸீட் உள்ளதாகப் பார். எடின்பரோ பக்கம் நிறைய வருகிறது. முன்பு ஓட்டியவர் கேரவன் இழுத்தாரா என்று கேள், சர்வீஸ் பில்லை வாங்கிப் படி, வண்டிக்கு அடியில் குனிந்து துருவைப் பார். கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் ரொம்ப கவனம். சாவியில் கை வைப்பதற்குமுன் இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிடு. இந்த வண்டிகள் நிறைய திருடுபோவதால் சில ஊர்களில் தொகை பயமுறுத்துகிறது.

ஏதாவது ஒன்றைப் பார்த்து வைத்தாயானால் விளம்பரத்தை எனக்கு அனுப்பு. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி எடின்பரோ வருகிறேன், இருவரும் சேர்ந்தே ஓட்டிப் பார்க்கலாம். சுமதிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

அன்புடன்,
கணேசன்