பினாங்கிலிருந்து சரோஜாவுக்கு

அன்புள்ள சரோஜா,

மகளுக்குச் சுகப்பிரசவம் என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது. பேத்தியைக் குளிப்பாட்டுகிறேன் என்று முட்டி வலியோடு தரையில் உட்காராதே. ஆள் வைத்துக்கொள்.

நான் இப்போது ஒரு ஆய்வுக் குழுவுக்காகத் தமிழ் வீடுகளுக்குப் போய் வருகிறேன். கருத்தடையைப் பற்றி மலாய், சீன, தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் வேலை. ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டுவோம். 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' என்பதிலிருந்து 'கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை' வரை ஐந்தில் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும். லிக்கர்ட் என்ற அமெரிக்கர் 1932இல் கொண்டுவந்த முறை இது.

போன வாரம் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒரு வீடு. இரண்டு பிள்ளைகளின் தாய். பக்கத்திலேயே மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும், "நடுவுல போட்டுக்குங்க அக்கா" என்றாள். மாமியார் சோறு வடிக்க உள்ளே போனதும் சட்டைக் கையை மேலே ஏற்றி, என் விரலைப் பிடித்து உள்பக்கத்தில் வைத்தாள். தோலுக்கடியில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு குச்சி தட்டுப்பட்டது. கருத்தடை மருந்துக் குச்சி. அது இருந்தால் மூன்று வருஷத்துக்குக் கர்ப்பம் தரிக்காது, தெரியும்தானே உனக்கு. ஆனால் என் தாளில் அவள் கருத்து 'மூன்று'தான். இதைப்பற்றி யோசித்தே இராத ஒருவர் சொல்லும் மூன்றும் அவள் சொன்ன மூன்றும் கணினிக்கு ஒன்றே.

இது இன்று முளைத்த சிக்கல் இல்லை. 1960களில் பல நாடுகளில் இப்படிக் கேட்டபோது, இனிப் பிள்ளை வேண்டாம் என்று சொன்ன பெண்களில் நிறையப் பேர் எந்த முறையையும் கையாளவில்லை. வாய் சொல்வதும் வாழ்க்கையும் வேறாக இருந்தன. இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. 2013இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 40 நாடுகளில் கேட்டபோது, கருத்தடை ஒழுக்கத்துக்குப் பொருந்தாது என்று பாகிஸ்தானில் 65 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதே காலத்தில் அங்கே மணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு முறையைக் கையாண்டுகொண்டுதான் இருந்தார்கள். ஊருக்குச் சொல்கிற பதில் வேறு, வீட்டுக்குள் எடுக்கிற முடிவு வேறு. பொய் சொல்கிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைக்க மாட்டேன். யார் காதில் விழும் என்று பார்த்துத்தான் பேச முடிகிறது.

அதனால் இனங்களின் சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இவர்கள் பிற்போக்கு, அவர்கள் முற்போக்கு' என்று யாராவது அறிக்கை எழுதினால் எனக்கு ஆத்திரமே வரும். தனியாக உட்காரவைத்துக் கேட்டோமா, பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதி வைத்தோமா? முதலில் அதைச் சொல்லட்டும். நேரடியாகக் கேட்காமல் ஒரு கதையைச் சொல்லிக் கேட்பது நல்ல வழி. 'ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள், புருஷனுக்கு இன்னும் ஒன்று வேண்டும், அவளுக்கு வேண்டாம். அவள் என்ன செய்யலாம்?' இப்படிக் கேட்டால், மாமியாரே கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். எல்லா இனத்தாரிடமும் ஒரே கதையைச் சொன்னால், அவரவர் அளவுகோல் எங்கே தொடங்குகிறது என்பதும் புரியும்.

அப்புறம் ஆண்கள். நம் மலேசியாவில் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் 1966இல் வந்தது. அப்போதிருந்து கேள்வியெல்லாம் பெரும்பாலும் பெண்களிடம்தான். மணமான பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஏதாவது ஒரு முறையைக் கையாண்டார்கள். 1984இலும் அப்படித்தான், 2014இலும் அப்படித்தான். அந்த முப்பது வருஷத்தில் அது ஏன் நகரவில்லை என்பதை மனைவியிடம் மட்டும் கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்குத்தான் உன் உதவி வேண்டும். நீ கிளினிக்கில் தாதியாக இருந்த காலத்தில் புருஷன்மார் தாங்களாகவே வந்து கேட்டதுண்டா? வந்தவர்கள் என்ன கேட்டார்கள், எதற்குக் கூசினார்கள்? ஞாபகம் இருப்பதை எழுது. ஆண்களுக்கான கேள்விகளைக் குழு இப்போதுதான் தயாரிக்கிறது. அதற்குள் உன் பதில் வந்தால் கூட்டத்தில் எடுத்துச் சொல்வேன்.

அன்புடன்,
கமலம்