மனப்பாடம் செய்த விடை வாய்மொழிப் பரீட்சையில் கைகொடுக்காது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் படிக்க விரும்பி ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றும் நம் பிள்ளைகள், பேச்சுப் பகுதியில் புள்ளி இழப்பதற்குத் தனியார் வகுப்புகள் சில அச்சிட்டுக் கொடுக்கும் மாதிரி விடைகளே பெருங்காரணம் என்பதை, நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவள் என்ற முறையில் கூற விரும்புகிறேன்.

அண்மையில் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவர், நீர்நிலைக்கு அருகிலுள்ள இடம் ஒன்றை விபரிக்கச் சொன்னதும், தாம் ஒருபோதும் கண்டிராத வெளிநாட்டுக் கடற்கரையொன்றைத் தங்குதடையின்றி ஒப்புவித்தார். அங்கே யாருடன் போனீர்கள் என்று கேட்டேன், வாயடைத்துப் போனார். பின்னர் மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலத்தைப் பற்றிக் கேட்டபோதோ, 1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தையும், பௌர்ணமி இரவில் அம்மப்பா தோணியில் கூட்டிச்சென்று, வாவிக்குள் இறக்கிய துடுப்பின் மேல்நுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்கச் சொன்னதையும், பிழைகள் இருந்தாலும் உயிரோடு சொன்னார். பரீட்சகர் கேட்க விரும்புவது இத்தகைய பேச்சையே.

11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும் இப்பேச்சுப் பரீட்சையில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமமாகவே புள்ளி வழங்கப்படுகிறது. தமிழ் வாடை வீசும் உச்சரிப்புக்காக எவரும் புள்ளி குறைப்பதில்லை. சொல் விளங்காமற்போனால்தான் குறையும். ஆகவே வெள்ளைக்காரரைப்போல் பேச முயல்வதை விட்டு, 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றும், 'வோக்ட்' (walked) என்பதை 'வோக்கெட்' என்றும் சொல்லும் பழக்கத்தைத் திருத்துவது நல்லது. பத்துத் தேங்காய் என்றாலே தமிழில் பன்மை விளங்கிவிடுவதால், ஆங்கிலத்திலும் ஈற்று 'ஸ்' ஒலியைப் பலர் விழுங்கிவிடுகிறார்கள். நேற்று நடந்ததை இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்தில் முடிப்பதும் அடிக்கடி காணும் தவறு.

கொடுக்கப்படும் தலைப்பொன்றைப் பற்றித் தொடர்ந்து பேச வேண்டிய இரண்டாம் பகுதியில் ஆயத்தத்துக்குக் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுதத் தொடங்கினால் நேரம் போய்விடும். நாலைந்து சொற்களைக் குறித்துக்கொண்டால் போதும். பேசிக்கொண்டிருக்கையில் பரீட்சகர் இடைநிறுத்தினால் மனம் தளர வேண்டாம், அது நேரம் முடிந்ததற்கான அடையாளம் மட்டுமே. கேள்வி காதில் விழாவிட்டால் மீண்டும் கேட்கச் சொல்வதில் தவறில்லை. நம் பிள்ளைகள் மரியாதைக்குறைவு என்று எண்ணித் தலையாட்டிவிட்டு வேறெதையோ சொல்கிறார்கள்.

மாதிரி விடைகளை விநியோகிக்கும் ஆசிரியர்கள், அந்தத் தாள்களை ஒதுக்கிவைத்து, வகுப்பில் நாளுக்கு அரைமணி நேரமாவது பிள்ளைகளைத் தம் ஊரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.